வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர்

இந்த மாதச் சுவர் இதழில் ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதும் முறை எனக்கு வந்தது. நான் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை எல்லோருக்கும் தெரியும். அதைத் தொடங்கியவர் இவர்தான். இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம். தாத்தாவும் அப்பாவும் டாக்டர்கள், மிஷனரிகள். ஐடா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் வந்தது. பசியால் துவண்டு கிடந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். பிறகு அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். அங்கேயே இருந்துவிட வேண்டும், இந்தியாவுக்கு வந்து கஷ்டப்படக் கூடாது என்பதுதான் அவர் நினைப்பு.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்ததால் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். ஆனால் ஒரு ராத்திரி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

அன்று ஒருவர் வந்து கதவைத் தட்டினார். தன் இளம் மனைவி பிரசவத்தில் துடிப்பதாகவும் ஐடா வர வேண்டும் என்றும் கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியைத் தொடக் கூடாது என்று அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்தார். அப்புறம் மூன்றாவதாக ஒருவர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு சாதி இந்து. மதமும் சாதியும் வேறு வேறு, ஆனால் மூன்று பேர் சொன்ன பதிலும் ஒன்றுதான். ஐடா தூங்கவே இல்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

தோழிகளே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். டாக்டர் இல்லாததால் அவர்கள் சாகவில்லை. டாக்டர் அதே ஊரில் இருந்தார், வரவும் தயாராக இருந்தார். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. ஆம்பளை டாக்டர் பார்க்கக் கூடாது, பெண் டாக்டர்களோ ரொம்ப ரொம்பக் குறைவு. சாவுக்குக் காரணம் அந்தச் சுவர்தான்.

ஐடா டாக்டருக்குப் படிக்க முடிவு செய்தார். 1899-ல் அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். திரும்பும்போது, பெண்களுக்கான ஆஸ்பத்திரி கட்ட ஷெல் என்ற பணக்காரர் தன் இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ல் வேலூரில் அப்பாவின் வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கினார். முதலில் ஆட்கள் வரப் பயந்தார்கள். போகப் போக வந்தார்கள். 1902-ல் 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது.

ஆனால் இன்னொரு சுவர் இருந்தது. அது தூரம். கிராமத்து ஏழைகள் வேலூர் வரை எப்படி வருவார்கள்? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கஞ்சி கிடையாது. அதனால் 1906 வாக்கில் டாக்டரம்மாவே ரோட்டுக்கு வந்துவிட்டார். குறிப்பிட்ட நாளில் வண்டியில் மருந்துகளோடு போவார். வழியில் மரத்தடியில் காத்திருக்கும் ஜனங்களைப் பார்ப்பார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார், மருந்து கொடுப்பார்.

தான் ஒருத்தி மட்டும் போதாது என்றும் அவருக்குத் தெரிந்தது. 1909-ல் நர்சுகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதல் வருஷம் சேர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதுதான் வளர்ந்து பெரிய கல்லூரி ஆனது. 1947-ல் ஆண்களையும் சேர்த்தார்கள். ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960-ல் தமது 89-ஆம் வயதில் கொடைக்கானலில் காலமானார்.

இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன். எங்க ஊரிலிருந்து திண்டிவனம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். எங்க அம்மா களை எடுக்க, நாற்று நட கூலிக்குப் போறாங்க. ஒரு வருஷமா அம்மாவுக்குத் தலைசுற்றல். ஆஸ்பத்திரிக்குப் போலாம்மான்னு கூப்பிட்டா, ஒரு நாள் கூலி போயிடும், எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுவாங்க. வைத்தியம் இலவசம்தான். ஆனால் பஸ்ஸும் கூலியும் இலவசம் இல்லையே. ஒரு நாள் வயல் வரப்பில் மயங்கி விழுந்துட்டாங்க. அடுத்த புதன்கிழமை தடுப்பூசி போட எங்க தெருவுக்கு வந்த நர்ஸம்மாதான் அம்மா விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ரத்தம் 7 கிராம்தான் இருந்தது. வீட்டில் யார் கடைசியாச் சாப்பிடுறதுன்னு நர்ஸம்மா என்னைக் கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வெட்கமா இருந்தது. அப்பா, தம்பி, நான் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் மிச்சம் இருப்பதுதான் அம்மாவுக்கு. குழம்பில் காய் இருக்காது. முட்டை வாங்கினால் அது தம்பிக்கு.

எங்க வீட்டிலேயும் ஒரு சுவர் இருந்திருக்கு. நானும் அதுக்கு ஒரு கல் வைத்திருக்கிறேன்.

இப்போது நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நான்தான் பரிமாறுகிறேன், அம்மா தட்டில் முருங்கைக்கீரையை முதலில் வைக்கிறேன். அம்மா சத்து மாத்திரை போடுறாங்க. போன மாதம் பார்த்தபோது 9 கிராம் ஆகியிருந்தது.

நான் நர்ஸுக்குப் படிக்க ஆசைப்படுகிறேன். இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் இன்று ராத்திரி உங்க வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி