எழுபத்து மூன்று போதும்

அரியலூரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோர் ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோவில் ஆகிய ஊர்களைக் கடந்து சிதம்பரத்தை அடையலாம். அரியலூரும் பெரம்பலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்திருந்த காலத்தில், 1929ஆம் ஆண்டு, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே அங்குக் கணித விரிவுரையாளராகப் பொறுப்பேற்றவர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை. நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்களை அலைக்கழித்த வினா ஒன்றுக்கு அவர் அங்கிருந்தே விடை கண்டார்.

குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில் 1901 ஏப்ரல் 5ஆம் நாள், சுப்பையா பிள்ளை, கோமதி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். பிறந்த ஓராண்டுக்குள் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையையும் இழந்தார். படிப்பு அத்தோடு நின்றிருக்கும். செங்கோட்டைப் பள்ளியில் அவருடைய கணித ஆற்றலை முன்பே கண்டறிந்திருந்த ஆசிரியர் சாஸ்திரியார், தம் மாத ஊதியத்தில் ஒரு பகுதியை அம்மாணவனுக்காக ஒதுக்கினார். ஆசிரியர் ஊதியம் எத்துணைச் சிறிதாக இருந்த காலம் அது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் இவ்வுதவியின் அளவு விளங்கும்.

நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்றபின், 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானார். ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய பேராசிரியர்களின் தொடர்பு அங்கு வாய்த்தது. பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகம் கணிதத்தில் வழங்கிய முதல் அறிவியல் முதுமுனைவர் பட்டமும் அவருக்கே உரியதாயிற்று.

சிதம்பரத்தில் அவர் எடுத்துக்கொண்ட வினா, இங்கிலாந்தின் வேரிங் 1770இல் எழுப்பியது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம். கனங்கள் என்றால் ஒன்பது போதும். ஆறாம் அடுக்கு என்றால் எத்தனை வேண்டும்?

703 என்னும் எண்ணைப் பாருங்கள். மூன்றின் ஆறாம் அடுக்கு 729. அது 703ஐ விடப் பெரியது. ஆகவே இரண்டின் ஆறாம் அடுக்காகிய 64ஐயும், ஒன்றையும் மட்டுமே பயன்படுத்த இயலும். பத்து அறுபத்து நான்குகள் 640 ஆகும். பதினொன்று எடுத்தால் 704 ஆகி, ஒன்றால் மிஞ்சிவிடும். எஞ்சிய 63ஐ ஒன்றுகளால்தான் நிரப்ப வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் சேர, 73. அதற்குக் குறைவாக இயலாது என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடலாம். எவ்வளவு பெரிய எண்ணாயினும் 73க்கு மேல் தேவையில்லை என்று நிறுவுவதுதான் கடினம். 1940இல் பிள்ளை அதனை நிறுவினார்.

அதற்கு முன்பே, 1936இல், மேலும் உயர்ந்த அடுக்குகளுக்கான பொதுவிடையை ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். அக்கட்டுரைகளுள் ஒன்று அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் இதழிலேயே வந்தது. அதே வேளையில் அமெரிக்காவின் டிக்சனும் தனித்து முயன்று அம்முடிவுகளை எட்டினார். பெரும் நூலகங்களும் ஆய்வுக் குழுக்களும் சூழ இருந்த ஒருவரோடு, தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் ஈடுகொடுத்தார் என்பது சிறிய செய்தியன்று.

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கும், அடுத்த ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். ஜெர்மனியிலிருந்து வெளியேறி வந்திருந்த லெவி என்னும் கணித அறிஞர் அங்குத் துறைத் தலைவராக இருந்தார்.

8, 9 ஆகிய அடுக்கு எண்களிடையே வேறுபாடு ஒன்று. 25, 27 ஆகியவற்றிடையே இரண்டு. குறிப்பிட்ட ஒரு வேறுபாடு எண்ணற்ற இடங்களில் திரும்ப வராது என்று பிள்ளை கருதினார். அவர் பெயரால் வழங்கும் அக்கருதுகோளை இன்றுவரை எவரும் முழுமையாக நிறுவவில்லை.

1950இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அவரை அழைத்தது. ஹார்வர்டில் கூடவிருந்த உலகக் கணித மாநாட்டிலும் அவர் பங்கேற்க இருந்தார். ஆகஸ்ட் 31ஆம் நாள் அவர் சென்ற வானூர்தி எகிப்தின் கெய்ரோ அருகே வீழ்ந்தது. பயணம் செய்தோர் எவரும் பிழைக்கவில்லை. மாநாடு முந்தைய நாளே தொடங்கியிருந்தது. பிள்ளைக்கு அப்போது அகவை 49.

வேரிங் வினாவில் ஐந்தாம் அடுக்கை 1964இல் சீன நாட்டின் சென் சிங்ருன் முடித்தார். நான்காம் அடுக்கு மட்டும் நெடுநாள் எஞ்சி நின்றது. 1986இல் பிரெஞ்சு அறிஞர் இருவரோடு இணைந்து, பத்தொன்பது போதும் என அதனை நிறுவியவர் தமிழகத்தின் இரா. பாலசுப்பிரமணியன். பிள்ளையின் கட்டுரைகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர்களுள் அவரும் ஒருவர்.