மூட்டுக்கள் தாங்கும் சுமையைக் கணித்த பேரறிஞர் பொரெல்லி

நிற்பதையும் நடப்பதையும் நாம் ஒரு தொழிலாகவே கருதுவதில்லை. ஆயினும் நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோரடியிலும் நமது இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் உடலின் முழு நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்குகின்றன. உடல் ஒன்றாயிருக்க, அதன் நிறை மூட்டிலே பன்மடங்காவது எங்ஙனம்? இவ்வினாவை முறையாக எழுப்பிக் கணித வழியில் நின்று விடைகண்டவர், இற்றைக்கு ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜொவான்னி அல்போன்சோ பொரெல்லி என்னும் இத்தாலிய அறிஞராவர். பதவியும் புகழும் எய்திப் பின் அவற்றை இழந்து, முதுமையில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் துறவியர் மனையில் ஆசிரியராய்க் காலங்கழித்து, தம் தலைசிறந்த நூல் அச்சேறுமுன்னரே கண்மூடிய அப்பெரியாரின் வாழ்க்கை கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் பயன்தருவதாகும்.

பொரெல்லி 1608ஆம் ஆண்டு சனவரி மாதம் 28ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரிற் பிறந்தார். அக்காலத்தில் அந்நகர் இசுப்பானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் இசுப்பானியப் போர்வீரர். தாயார் அவ்வூர்ப் பெண்மணி. செல்வமோ குலச்சிறப்போ துணைநில்லாத நிலையில் இளைஞர் பொரெல்லி உரோமாபுரிக்குச் சென்று, பெனெடெற்றோ கஸ்தெல்லி என்னும் துறவியிடம் கணிதம் பயின்றார். கஸ்தெல்லியோ கலிலியோவின் நன்மாணாக்கர். பாரமானியை ஆக்கிப் புகழ்பெற்ற தொறிசெல்லியும் கஸ்தெல்லியிடம் பயின்றவரே. இயற்கையை அறிய விரும்புவோன் முன்னோர் கூறியதை ஒப்புவித்தலோடு அமையாது, அளந்தும் கணித்தும் காணவேண்டும் என்னும் கலிலியோவின் நெறி இவ்வாறு பொரெல்லியிடம் வந்து சேர்ந்தது.

ஆசிரியரின் பரிந்துரையினால் சிசிலித் தீவின் மெசீனா நகரிலே கணிதம் கற்பிக்கும் பதவி அவருக்குக் கிடைத்தது. 1647, 1648ஆம் ஆண்டுகளில் அத்தீவிற் கொடிய காய்ச்சல் பரவியபோது, கணித ஆசிரியராகிய அவர் நோயின் காரணத்தை ஆராயப் புகுந்தார். கோள்களின் நிலையையும் பருவத்தின் மாறுபாட்டையும் காரணமாகக் கூறியோரின் கொள்கையை மறுத்து 1649இல் ஒரு நூலும் வெளியிட்டார். உடலைப்பற்றிய ஆராய்ச்சியில் அவர் மனம் தோய்ந்தமைக்கு இது முதற் சான்றாகும்.

1656ஆம் ஆண்டு, முன்னர்க் கலிலியோவும் கஸ்தெல்லியும் அணிசெய்த பீசாப் பல்கலைக்கழகத்தின் கணித ஆசனம் பொரெல்லிக்கு வாய்த்தது. அவர் நாவன்மை படைத்தவர் அல்லர். எளிதிற் சினங்கொள்ளும் இயல்பினர். எனினும் அவரிடத்து அறிவு வேட்கைக்கு அளவில்லை. அதே ஆண்டிற் பீசாவுக்கு வந்த மருத்துவப் பேராசிரியர் மல்பீகியும் அவரும் நண்பராயினர். பொரெல்லியின் இல்லத்தில் விலங்குகளின் உடல்களை அறுத்து இருவரும் ஆராய்ந்தனர். உடலுறுப்புக்களை மருத்துவர் காட்டினார். அவ்வுறுப்புக்கள் எவ்வகைப் பொறிகள் எனக் கணித அறிஞர் வினவினார். 1661இல் மல்பீகி தவளையின் நுரையீரலில் மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டு அச்செய்தியைக் கடிதங்களாக வரைந்தபோது, அவற்றைப் பொரெல்லிக்கே விடுத்தார். இத்தகைய நட்பும் பிற்காலத்திற் பிணக்கிலே முடிந்தமை வருந்தத்தக்கது.

மொழி பயில்வோர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றும் இக்காலத்திலே நிகழ்ந்தது. கிரேக்க அறிஞர் அப்பொலோனியர் கூம்பு வெட்டுக்களைப்பற்றி எழுதிய பெருநூலின் பிற்பகுதி கிரேக்க மொழியில் அழிந்துபட்டது. அதன் மூன்று பகுதிகள் அரபு மொழிபெயர்ப்பாகப் புளோரன்சு நகரத்து ஏட்டுச் சுவடியொன்றில் இருத்தலைப் பொரெல்லி உணர்ந்தார். தமக்கு அரபு தெரியாதாகையால், உரோமாபுரியில் வாழ்ந்த லெபனான் நாட்டு அறிஞர் ஆபிரகாம் எக்கெல்லென்சிசு என்பாருடன் 1658இற் கூடியிருந்து, ஒருவர் மொழியையும் மற்றவர் கணிதத்தையும் விளக்க, அப்பகுதிகளை இலத்தீனில் ஆக்கி 1661இல் வெளியிடச் செய்தார். செல்லரித்த சுவடிகளிலிருந்து நம் முன்னோர் நூல்களை மீட்டளித்த பெரியார்களைப் போற்றும் நாம் இத்தொண்டின் அருமையை எளிதில் உணரலாம்.

1666இல் வெளிவந்த நூலொன்றில் வியாழனின் துணைக்கோள்கள் தம் பாதையினின்றும் விலகாது சுற்றுதற்குரிய காரணத்தைப் பொரெல்லி ஆராய்ந்தார். 1667இல் மீண்டும் மெசீனாவை அடைந்தார். 1669இல் எட்னா எரிமலை பொங்கியெழுந்தபோது அதனை ஆராய்ந்து மறு ஆண்டிலே நூலாக்கினார். இவ்வாறு விண்ணையும் மண்ணையும் ஆராய்ந்த அவர், பல்லாண்டுகளாக உள்ளத்திற் பேணிவந்த பெரும்பணி ஒன்றுண்டு. உயிர்களின் இயக்கத்தைப் பொறிமுறை விதிகளால் விளக்குவதே அப்பணி.

அதன் மையக் கருத்தினை நமக்குப் பழக்கமான துலாவைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கிணற்றுத் துலாவின் ஒரு முனையில் நீர் நிறைந்த வாளி தொங்குகிறது. மறு முனையைப் பாரம் அழுத்துகிறது. துலாவைத் தாங்கும் ஆடுகாலோ இவ்விரண்டையும் ஒருங்கே சுமக்கின்றது. சுழலிடத்திலிருந்து ஒரு புறத்தின் நீளம் குறையுமாயின், அப்புறத்துப் பாரம் அதற்கேற்ப மிகவேண்டும்; அது மிகமிக ஆடுகாலின் சுமையும் மிகும். மூட்டே ஆடுகால், எலும்பே துலா, தசையின் இழுவையே பாரம்.

இயற்கை நெம்புகோல்களை அமைத்துச் சிறு விசையாற் பெருஞ்சுமையைத் தூக்குகின்றது என்றே முன்னோர் எண்ணியிருந்தனர். பொரெல்லி எலும்புகளையும் தசைகள் பொருந்தும் இடங்களையும் ஆராய்ந்து, உண்மை இதற்கு நேர்மாறானது எனக் காட்டினார். முழங்கையை மடித்துக் கையில் ஒரு பொருளை ஏந்தும்போது, அதனை உயர்த்தும் தசை மூட்டுக்கு மிக அணித்தே பொருந்தியுள்ளது. பொருளோ தொலைவில் உள்ளது. தசை 2 அங்குலத் தொலைவிலும் பொருள் 14 அங்குலத் தொலைவிலும் உள்ளனவெனக் கொண்டால், 10 இறாத்தற் பொருளைத் தாங்கத் தசை 70 இறாத்தல் விசையோடு இழுத்தல் வேண்டும். இழுவை மேல்நோக்கியும் பொருளின் நிறை கீழ்நோக்கியும் செல்ல, எஞ்சிய 60 இறாத்தல் விசை மூட்டினை அழுத்தும். ஆகவே இயற்கை சிறு விசையாற் பெருஞ்சுமையைத் தூக்கவில்லை. பெருவிசையாற் சிறுசுமையைத் தூக்குகின்றது. அதற்கு ஈடாக நாம் பெறுவது விரைவு. தசை சிறிதே சுருங்கினும் கை நெடுந்தூரம் வீசுகின்றது.

காலின் நிலையும் இதுவே. ஒரு காலூன்றி நிற்கும்போது உடலின் பாரம் நடுக்கோட்டினூடாகக் கீழ்நோக்கிச் செல்கிறது. ஊன்றிய காலின் இடுப்பு மூட்டோ அக்கோட்டிலிருந்து விலகி ஒருபுறத்தே உள்ளது. உடல் மறுபுறஞ் சாயாதவாறு மூட்டின் வெளிப்புறத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்கவேண்டும். அவற்றின் கை குறுகியதாகையால் இழுவை உடலின் நிறையினும் மிகுகின்றது. நிறையும் இழுவையும் இரண்டும் கூடி மூட்டின் மேலே அமர்கின்றன. நடத்தலாவது இருகால்களிலும் மாறிமாறி ஒருகால் நிலையில் நிற்பதேயன்றோ?

பொரெல்லியிடம் விசையை அளக்கும் நுண்கருவி எதுவும் இருக்கவில்லை. கூர்விளிம்புடைய கட்டையொன்றின்மேற் பலகையை வைத்து, அதன்மீது ஓர் ஆளைக் கிடத்தி, பலகை இருபுறமும் சாயாது சமநிலை எய்தும்வரை நகர்த்தி, மனிதவுடலின் ஈர்ப்பு மையம் இடுப்பெலும்புப் பகுதியில் அமைந்திருத்தலைக் கண்டார். இரண்டு கம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நட்டு, முன்னது பின்னதை மறைத்தவாறே தோன்றும்படி அவற்றை நோக்கி நேரே நடக்க முயன்றார், அஃது இயலவில்லை. நடப்பவனின் உடல் ஒவ்வோரடியிலும் இருபுறமும் அசைகின்றது என்பதை இவ்வெளிய சோதனையால் உணர்ந்தார். பலகையும் கம்புகளும் எவர் வீட்டிலும் உண்டு. அவற்றைக்கொண்டு என்ன வினாவை வினவுவது என்னும் அறிவே அரிது.

பறவையின் நெஞ்சுத் தசை அதன் நிறையில் ஆறிலொரு பங்கினும் குறையாது என்றும், மனிதனின் நெஞ்சுத் தசையோ நூறிலொரு பங்கினும் குறைந்தது என்றும் கணித்து, மனிதன் சிறகு கட்டித் தன் கைவலியாற் பறத்தல் இயலாது என அவர் முடிவுகட்டியதும் இவ்வாராய்ச்சியின் ஒரு கூறாகும்.

அவர் தவறாதவர் அல்லர். தசை சுருங்குவதற்குக் காரணம், நரம்புவழியே வரும் ஒரு சாறு குருதியோடு கலந்து பொங்குதலே என எண்ணினார். தசைநார்களைச் சிறு சாய்சதுரங்களின் தொடராகக் கற்பித்து, அதனால் தசைகளின் விசையை மிகைபடக் கூறினார். இதயத்தின் வலிமைக்கு அவர் கண்ட தொகை நம்பற்கரியது. அளந்தறிந்த எலும்பையும் நெம்புகோல் விதியையும் பற்றிநின்ற இடத்தில் அவர் முடிவுகள் நிலைத்தன. காணாததைக் கற்பித்த இடத்தில் வழுவின. ஒரே நூலில் இவ்விரண்டும் அமைந்திருத்தல் பின்வருவோர்க்கு நல்லதொரு பாடம்.

1670ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் வாழ்விற் புயல் எழுந்தது. மெசீனாவில் இசுப்பானிய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி உருவாகியது. 1674இல் அது வெளிப்படையான எழுச்சியாயிற்று. அதனோடு தொடர்புடையவர் எனக் கருதப்பட்ட பொரெல்லி பதவி துறந்து உரோமாபுரியிற் புகலடைந்தார். அங்கே, அரசுரிமையைத் துறந்து வந்து வாழ்ந்த சுவீடன் நாட்டு முன்னாள் அரசியார் கிறிஸ்தினா அவரை ஆதரித்தார். ஆயின் 1677இல் அவருடைய உடைமைகளை வேலையாளொருவன் கவர்ந்து சென்றான். எழுபதை அணுகிய வயதில் வறுமை வந்துற்றது. ஏழைச் சிறுவர்க்கு இலவசமாகக் கல்வி புகட்டும் நோக்குடன் நிறுவப்பட்ட துறவியர் சபையொன்று அவருக்குத் தன் மனையில் இடமளித்தது. பீசாவிலே கலிலியோவின் ஆசனத்தில் வீற்றிருந்தவர், அங்கு இளந்துறவியர்க்குக் கணிதங் கற்பித்தார். கற்பித்த நேரம் போக எஞ்சியதைத் தம் நூலைச் செப்பஞ் செய்வதிற் செலவிட்டார்.

அச்சுச் செலவை ஏற்க அரசியார் இசைந்தார். ஆனால் 1679ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 31ஆம் நாள் பொரெல்லி உயிர்நீத்தார். விலங்குகளின் இயக்கம் எனப் பொருள்படும் பெயர்கொண்ட அவ்விலத்தீன் நூலின் முதற் பகுதி 1680இலும் இரண்டாம் பகுதி 1681இலும், அவருக்கு இடமளித்த துறவியரின் முயற்சியால் வெளிவந்தன. அதன் படங்களிலே முதுகிற் சுமையேந்தி முழங்கால் மடங்க நிற்கும் மனிதனைக் காணலாம். அவனுடைய மூட்டுக்களினூடே கோடுகள் செல்கின்றன. வீதியில் நாளும் காணும் சுமையாளின் வருத்தம் அங்கே கணிதமாகிவிட்டது.

அவர் கணிப்பை நேரில் அளந்து பார்க்க உலகம் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் காத்திருந்தது. செருமனியில் பிறவுனும் பிஷரும் நடையை ஒளிப்படங்களாற் பதிவுசெய்து 1895 முதல் விரிவான நூல்களாக்கினர். 1966இல் சுவீடன் நாட்டு மருத்துவர் றைடெல், நோயாளருக்குப் பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டிலே விசைமானியை அமைத்து, உயிருள்ள மனிதனின் மூட்டுவிசையை நேரே அளந்தார். ஒரு காலில் நிற்கும்போதே அது உடல் நிறையின் இரு மடங்கினும் மிக்கதாயிருந்தது. பின்னர்ப் பெர்லின் நகரத்து ஆய்வாளர், வானொலி வழியாகச் செய்தி அனுப்பும் செயற்கை மூட்டுக்களை அமைத்தனர். அவை கூறியவாறு, சமதரையில் நடக்கும்போது முழங்கால் உடல் நிறையைப் போல ஏறக்குறைய 2½ மடங்கையும், படியில் இறங்கும்போது 3 மடங்கினும் மிகுதியையும் தாங்குகின்றது. தொகைகள் திருந்தின, மூட்டின் சுமை உடலின் நிறையினும் மிக்கது என்னும் பொரெல்லியின் அடிப்படை உண்மை உறுதியாயிற்று. இன்று செயற்கை மூட்டுக்களின் வலிமை தீர்மானிக்கப்படுவதும், இடுப்பு நோவுடையோர் ஊன்றுகோலை நோவில்லாத பக்கத்துக் கையிற் பிடிக்கவேண்டும் என மருத்துவர் அறிவுறுத்துவதும் இவ்வுண்மையின் பயன்களே. அமெரிக்க உயிர்ப்பொறிமுறைக் கழகம் தன் உயரிய விருதுக்குப் பொரெல்லியின் பெயரையே சூட்டியுள்ளது.

விழாக் காலத்தில் முதிய மாணவர் பலர் தாம் இளமையில் ஓடியேறிய படிகளை மெல்ல மெல்லக் கைப்பிடி பற்றி ஏறுவதைக் காண்கின்றோம். ஒவ்வொரு படியிலும் அவர்தம் முழங்கால்கள் சுமப்பது எத்துணை என்பதை இக்கட்டுரை ஒருவாறு கூறியிருக்கும். தாங்கும் மூட்டு தான் தாங்குவதைச் சொல்வதில்லை. துறவியர் மனையின் சிறு அறையிலிருந்து, பலனைக் காணாமலே பாடஞ் சொல்லியும் எழுதியும் மறைந்த அம்முதிய ஆசிரியரும் அத்தகையவரே.