புதைந்து கிடந்த யாழ்



திருப்பாடல்களில் யாழ் என்னும் சொல்லை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். சவுல் அரசரின் கலங்கிய உள்ளத்தைத் தாவீது யாழ் மீட்டி ஆற்றியதையும் அறிவோம். ஆனால் பண்டைத் தமிழர் மீட்டிய யாழோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்து, இலக்கிய வரிகளுக்குள் புதைந்து கிடந்தது. அதனைத் தேடி எடுத்தவர் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர்.

1892 மார்ச் 27ஆம் நாள் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்த அவரது இளமைப் பெயர் மயில்வாகனன். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பில் நம் குருக்கள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். பின்பு அக்கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்தார். இந்து சமயத்தவரான அவர் 1924இல் இராமகிருஷ்ண மடத்தின் துறவியானார். சமயம் வேறாயினும், நம் கல்விக்கூடங்கள் அவருடைய திறமையைப் பேணின. அவரும் தம் அறிவைப் பாகுபாடின்றி அங்கே பகிர்ந்தார்.

நாடகத்தை அவர் ஆழ்ந்து கற்றார். 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி' என்னும் நூலில் சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்து, தமிழ் நாடக மரபையும் விளக்கினார். அடுத்து இசையின்பால் திரும்பினார். சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் குறிப்புகளைத் திரட்டி, நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் அளவையும் கணக்கிட்டு, பழைய யாழ்களின் அமைப்பை வகுத்தார். ஆம், அறிவியல் ஆசிரியரின் கணிதமே புலவரின் யாழுக்கு உயிரூட்டியது!

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், ஏறத்தாழ 14 ஆண்டுகள் இவ்வாய்வில் உழைத்தார். 1947 ஜூன் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ்நூல்' அரங்கேறியது. அதே ஆண்டு ஜூலை 19இல், ஆறு வாரங்கள் கடந்த நிலையில், அவர் உயிர் நீத்தார். உழைப்பின் பலனை நெடுநாள் துய்க்க அவருக்கு வாய்க்கவில்லை, நமக்கு வாய்த்திருக்கிறது.

அன்பானவர்களே, நற்செய்தியில் வரும் ஊழியன் ஒருவன், தலைவர் தந்த தாலந்தை மண்ணில் புதைத்தான். இவரோ பிறர் புதையவிட்டதையும் வெளியே கொணர்ந்தார். நம் இல்லங்களில் புதைந்திருப்பவை எவை? பாட்டனார் ஆடிய நாட்டுக்கூத்தின் கையெழுத்துப் பிரதி, பாட்டி தவக்காலத்தில் பாடும் ஒப்பாரி, தேர்வு மதிப்பெண்ணுக்காக நாம் அடக்கிவைத்த பிள்ளையின் இசையார்வம் ஆகியன அல்லவா? இந்த வாரம் அவற்றுள் ஒன்றையேனும் வெளியே எடுப்போம். பாட்டியின் அருகே பிள்ளைகளை அமர்த்திப் பாடச் சொல்லிக் கேட்போம். கொடுத்தவர் இறைவன், கணக்குக் கேட்பவரும் அவரே. அந்நாளில் வெறுங்கையராய் நில்லாதிருக்க அவரது அருளை வேண்டுவோம்.