நீதிக்காகப் பதவியை இழக்கத் துணிந்த ஆல்ட்கெல்ட்

பதவிக்காகக் கொள்கையைக் கைவிடுவோர் எத்தேசத்திலும் உண்டு. கொள்கைக்காகப் பதவியை இழக்கத் துணிவோர் மிகச் சிலரே. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் ராஜ்யத்தின் கவர்னராயிருந்த ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் அச்சிலருள் ஒருவர்.

1847-ம் வருஷத்தில் ஜெர்மனியில் பிறந்த அவரைப் பெற்றோர் கைக்குழந்தையாக ஓஹையோவுக்குக் கொண்டுவந்தனர். ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளையாதலால் பள்ளிப் படிப்பு சொற்பமே கிட்டியது. பதினாறாம் பிராயத்தில் உள்நாட்டு யுத்தத்தில் வடபகுதிச் சேனையில் சேர்ந்தார். பின்னர் சட்டம் பயின்று, 1874-ல் மிஸ்ஸௌரி ராஜ்யத்தில் ஒரு ஜில்லாவின் சர்க்கார் வக்கீலானார். அடுத்த வருஷம் சிகாகோவுக்குக் குடியேறி, நிலமும் கட்டடமும் வாங்கி விற்றுப் பெருஞ் செல்வந்தரானார். ஆயினும் ஏழையை மறந்தாரில்லை. சிறைச்சாலை ஏழையைத் திருத்தாது நசுக்குகிறதென்று 1884-ல் ஒரு நூல் எழுதினார். 1886 முதல் 1891 வரை நீதிபதியாயிருந்தார்.

1886 மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் நடந்த தொழிலாளர் கூட்டத்தைக் கலைக்க வந்த போலீஸார் மீது வெடிகுண்டு விழுந்தது. எறிந்தவன் யாரென்பது இன்றளவும் நிச்சயமாகவில்லை. எனினும் எட்டுப் பேர் தண்டனை அடைந்தனர். நால்வர் 1887 நவம்பரில் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் சிறையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவர் சிறையில் வாடினர்.

1893 ஜனவரியில் ஆல்ட்கெல்ட் கவர்னரானார். மூவரையும் விடுவிக்கும்படி பலர் வேண்டினர். போதுமளவு தண்டனை அனுபவித்துவிட்டார்கள் என்று கருணை காட்டியிருந்தால் எவரும் பெரிதாகக் குறை கூறியிரார். அவரோ வழக்கின் தஸ்தாவேஜுகள் முழுவதையும் தாமே படித்துப் பார்த்தார். 1893 ஜூன் 26-ல் மூவரையும் விடுதலை செய்து, ஜூரிகள் பாரபட்சமாகப் பொறுக்கப்பட்டனர், குற்றம் ருசுவாகவில்லை, நீதிபதி நடுநிலை தவறினார் என்று விஸ்தாரமாகக் காரணங்காட்டினார். நிரபராதிகளுக்கு வேண்டியது தயவன்று, நீதியே என்பது அவர் துணிபு. பத்திரிகைகள் அவரை அராஜகவாதியென்று தூற்றின.

அவர் அஞ்சவில்லை. பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலைவேலையினின்று விலக்கும் சட்டத்தை அவ்வருஷமே அமுலாக்கினார். 1894-ல் புல்மன் வேலைநிறுத்தத்தின்போது ஜனாதிபதி கிளீவ்லாந்து, கவர்னர் கேளாமலே சிகாகோவுக்குப் பட்டாளம் அனுப்பினார். தம் கட்சித் தலைவரென்றும் பாராது ஆல்ட்கெல்ட் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்.

1896 தேர்தலில் தோல்வியுற்றார். செல்வமும் கரைந்தது. 1902 மார்ச்சில் ஜோலியட் நகரில், பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் போராடிய போயர்களுக்காகப் பேசிய கூட்டத்திலே நிலைகுலைந்து, மறுநாள் காலமானார்.

அன்று தூற்றப்பட்ட தீர்ப்பை இன்று சரித்திராசிரியர்களிற் பெரும்பாலோர் ஆமோதிக்கின்றனர். தேர்தலில் தோற்பது தோல்வியன்று. அநீதியை அறிந்தும் வாய்மூடியிருப்பதே தோல்வி. பொதுவாழ்வில் ஈடுபடுவோர் இதை மறத்தலாகாது.