புயலுக்குப் படம் வரைந்த பேராசிரியர்

உலக வாழ்வுக்கு அடிப்படை மழை. அதனால்தான் திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழையின் அருமையை நம் திருச்சுழிப் பகுதி மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதும், கண்மாய்கள் பெருகுவதும், கரிசல் காட்டில் விதை முளைப்பதும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே உள்ளன. அந்த மழையைக் கொண்டுவருவது பெரும்பாலும் வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வு. அதுவே வலுத்தால் கரையோரத்தில் உயிரைக் குடிக்கும் புயலாகிறது. கடலில் எங்கோ உருவாகும் புயலை, கரையில் இருந்தபடியே படத்தில் கண்டுகொள்ளும் முறையை இந்தியாவில் நிலைநிறுத்திய பெருமை ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்பவரைச் சாரும்.

இளமையும் கல்வியும்

பிளான்போர்டு 1834ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். சுரங்கவியல் கல்லூரியில் பயின்று, 1855இல் தம் சகோதரர் வில்லியமுடன் இந்தியாவுக்கு வந்து நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். நம் தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. திருச்சிராப்பள்ளி, அரியலூர் வட்டாரப் பாறைகளை அடுக்கடுக்காக ஆராய்ந்து வகைப்படுத்தியவர் அவரே. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்பதற்குச் சான்றாக, கல்லாகிப்போன கடல் உயிரினங்கள் அப்பாறைகளில் கிடைக்கின்றன. பின்னர் 1862இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்திய மாணவர்களுக்காக இயற்கைப் புவியியல் பாடநூலும் எழுதினார்.

திருப்பம் தந்த துயரம்

1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. கடல் நீர் ஊக்ளி ஆற்றில் மலைபோல் ஏறி வந்து ஊர்களை மூழ்கடித்தது. ஏறக்குறைய 60,000 பேர் மாண்டனர். இந்த அழிவை ஆராயும் பொறுப்பு கர்னல் காஸ்ட்ரெல், பிளான்போர்டு ஆகிய இருவருக்கும் வந்தது. அவர்கள் கப்பல்களின் நாட்குறிப்புகளையும், நிலத்தில் பல ஊர்களில் எடுக்கப்பட்ட காற்றழுத்தக் குறிப்புகளையும் திரட்டினார்கள். தேதி வாரியாக அவற்றை அடுக்கிப் பார்த்தபோது புயலின் பாதை துலங்கியது. அது கல்கத்தாவில் திடீரென்று முளைத்ததன்று. அந்தமான் தீவுகளுக்கு அருகே தோன்றி, கடலைக் கடந்து வந்தது! வரும் வழியில் அதைக் கண்ட மாலுமிகள் இருந்தார்கள். ஆனால் அந்தச் செய்தி உரிய வேளையில் கரைக்கு வந்து சேர வழியில்லை. அவ்வளவு உயிர்களும் போனதற்கு இதுவும் ஒரு காரணம் அன்றோ?

அடுத்த துயரம் பஞ்சம். 1865இல் பருவமழை பொய்த்ததால் 1866இல் ஒரிசாவில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். வானத்தைக் கவனிக்க ஓர் ஒழுங்கான ஏற்பாடு தேவை என்பதை அரசு உணர்ந்தது. பிளான்போர்டு 1867இல் வங்காள மாகாணத்தின் வானிலை அதிகாரியானார். 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே.

எண்கள் படமான விதம்

அக்காலத்தில் மாகாணத்துக்கு மாகாணம் அளக்கும் முறை வேறு, கருவி வேறு, நேரம் வேறு. அவற்றைக் கொண்டு படம் வரைந்தால் அது பொய்ப்படமாகவே இருக்கும். எனவே பிளான்போர்டு முதலில் இவற்றைச் சீர்படுத்தினார். எல்லாக் காற்றழுத்தமானிகளும் ஒரே தரக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன. மலை ஊர்களில் அழுத்தம் இயல்பாகவே குறைவு. ஆகையால் எல்லா அளவுகளும் கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டு மாற்றப்பட்டன.

இந்த அளவுகள் தந்தி மூலம் வந்ததும் தேசப்படத்தில் அந்தந்த ஊரின் மேல் குறிக்கப்படும். சமமான அழுத்தம் உள்ள ஊர்களைக் கோட்டால் இணைப்பார்கள். இதற்குச் சம அழுத்தக் கோடு என்று பெயர். நடுவை நோக்கி அழுத்தம் குறையும்படி கோடுகள் வளையம் வளையமாகச் சூழ்ந்தால் அங்கே தாழ்வு மண்டலம் உள்ளது என்று பொருள். வளையங்கள் நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் மிகும். நம் வட அரைக்கோளத்தில் காற்று அந்த மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றும். முதல் நாள் படத்தோடு அடுத்த நாள் படத்தை ஒப்பிட்டால் புயல் எப்பக்கம் நகர்கிறது என்பது விளங்கும். 1878 முதல் சிம்லாவிலிருந்து தினசரி வானிலை அறிக்கை வெளிவந்தது. 1885இல் அத்துறையில் சேர்ந்து இப்பணியில் ஈடுபட்ட இந்தியர் ருச்சி ராம் சாஹ்னி ஆவார்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. நடுக்கடலில் நிலையம் ஏது? 1876 அக்டோபர் கடைசியில் பாக்கர்கஞ்ச் பகுதியைத் தாக்கிய புயலிலும் அதைத் தொடர்ந்த நோயிலும் சுமார் இரண்டு இலட்சம் பேர் மாண்டனர். அப்போது துறை தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது.

பஞ்சமும் பனியும்

அதே 1876இல் தென்னாட்டில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. சென்னை மாகாணம் 1878 வரை வாடியது. நம் முன்னோர் பட்ட துன்பத்தை இன்றும் முதியோர் கதையாகச் சொல்வதுண்டு. மழை பொய்க்குமா என்பதை முன்னரே அறிய முடியுமா என்ற கேள்வி பிளான்போர்டிடம் வந்தது. இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளில் வட இந்தியாவில் பருவமழை குறைவதை அவர் கவனித்து 1884இல் வெளியிட்டார். 1886 முதல் பருவமழை முன்னறிவிப்பு முறையாக வெளிவந்தது. பனி ஒன்றை மட்டும் கொண்டு மழையைக் கணிக்க முடியாது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. ஆயினும் தொலைதூரத்து நிகழ்ச்சிக்கும் நம் வயலில் விழும் மழைக்கும் தொடர்பு உண்டு என்ற வழியைத் திறந்தவர் அவரே.

நிலைத்த புகழ்

ஓய்வுபெற்ற பிளான்போர்டு 1893இல் இங்கிலாந்தில் காலமானார். அவர் வளர்த்த துறை 2025 ஜனவரியில் 150 ஆண்டுகளை நிறைவு செய்தது. தந்திக்குப் பதிலாக இன்று தானியங்கி நிலையங்களும், ரேடார்களும், செயற்கைக்கோள்களும் உள்ளன. கடலின் நடுவிலும் மிதவைகள் அளவு எடுக்கின்றன. இதன் பயன் என்ன? 1999இல் ஒரிசாப் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தனர். 2013இல் அதே மாநிலத்தைப் ‘பைலின்’ புயல் தாக்கியபோது ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். இறந்தோர் தொகை நூறைக்கூட எட்டவில்லை.

அன்புத் தோழியரே! தினமும் காலை எட்டரை மணிக்கு ஏதோ ஒரு சிற்றூரில் ஒருவர் மழைமானியைப் பார்த்து ஓர் எண்ணைக் குறிக்கிறார். மழையே இல்லாத நாளில் பூஜ்யத்தைக் குறிக்கிறார். சோம்பலால் அவர் பொய் எண்ணை எழுதினால் படமும் பொய்யாகும். அதை நம்பியவர் உயிருக்கும் ஆபத்து நேரும். யாரும் பாராட்டாத சிறு வேலையையும் உண்மையாகச் செய்தால் அது எங்கோ ஒரு மீனவர் குடும்பத்தைக் காக்கும் என்பதே பிளான்போர்டின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம். அதனை நாமும் பின்பற்றுவோமாக!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு