சங்கிலி போட்டு நிலம் அளந்த மன்றோ

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒருவர் வீட்டு மனை வாங்குகிறார். அளவில் ஓரடி குறைந்தால் விடுவாரா? சண்டைக்கு வந்துவிடுவார்!

அமெரிக்காவில் ஒருவகைக் கால்பந்து ஆடுகிறார்கள். நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜம் கொண்டுபோக வேண்டும். சந்தேகம் வந்தால், இரு கோல்களில் கட்டிய பத்து கஜச் சங்கிலியுடன் ஆட்கள் ஓடி வருவார்கள். கடைசி முயற்சியிலும் விரற்கடை குறைந்தால் பந்து எதிர்க்கட்சிக்கு!

அது விளையாட்டு. நம் உழவனுக்கோ சங்கிலி காட்டிய அளவின்படிதான் வரி. அந்த அளவைச் சரியாக்கப் பாடுபட்ட ஒரு வெள்ளைக்காரரின் கதை இது.

அவர் தாமஸ் மன்றோ. 1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். 1780-ல் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னை வந்தார்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் கம்பெனியார் கைக்கு வந்தன. காப்டன் ரீட் என்பவரை அங்கே அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்களில் மன்றோவும் ஒருவர். தர்மபுரியில் தங்கி ஏழு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். வயல் வயலாக அளந்து வரி போடும் வேலையை இங்கேதான் கற்றார்.

1800-ல் பெல்லாரி, கடப்பைச் சீமைக்குக் கலெக்டரானார். நிலம் அளக்கத் தெரிந்தவர்கள் அங்கே நாலே பேர்! அவர்களைக் கொண்டே 1802-ல் வேலையைத் தொடங்கினார். சங்கிலியின் நீளம் 33 அடி. சங்கிலிக்குச் சங்கிலி சதுரமானால் ஒரு குண்டா. 40 குண்டா ஓர் ஏக்கர்.

மாதச் சம்பளம் கொடுத்தார். அளப்பவர்கள் பாதி வேலைகூடச் செய்யவில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசினார். அவசர அவசரமாக அளந்து தள்ளினார்கள்! மன்றோ லேசான ஆளா? மறுபடி அளந்து பார்க்கத் தனி ஆட்களை வைத்தார். அவர்களுக்கு மட்டும் மாதச் சம்பளம். புன்செயில் நூற்றுக்குப் பத்து, நன்செயில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பிழை இருந்தால், அளந்தவனுக்கு வேலை போய்விடும்.

அளவு சரியாகிவிட்டது. ஆனால் வரியோ கனமாக இருந்தது. அதை விதித்தவரே அவர்தான்! 1807-ல் வரியில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அசையவில்லை. அவரும் சீமைக்குக் கப்பல் ஏறினார்.

1820-ல் சென்னைக் கவர்னராகவே திரும்பி வந்தார். அந்தக் கால் பங்கு அதன் பிறகுதான் குறைந்தது.

1827-ல் ஊர் திரும்பும் வேளை வந்தது. பழைய குடியானவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று புறப்பட்டார். வழியில் காலரா பரவியிருந்தது. ஜூலை 6-ந் தேதி, கர்நூல் பக்கத்துப் பத்திகொண்டாவில் அவர் உயிர் பிரிந்தது.

சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை அவருடையதுதான். குதிரைக்குச் சேணம் இல்லை. ஏனென்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.