நூலறையின் திறவுகோலும் அண்ணல் அம்பேத்கரும்

ஜவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் அடிவாரத்து ஊர்ப் பள்ளிகளிலும் பயிலும் பிள்ளைகளுள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தவர்கள். அவர்தம் இல்லங்களில் பாடநூலன்றி வேறு நூல் காண்பதரிது. பள்ளி நூலகமே அவர்கட்கு வாய்த்த ஒரே நூலகம். அது திறந்திருப்பதும் பூட்டிக் கிடப்பதும் பெரும்பாலும் தலைமையாசிரியரின் மனத்தைப் பொறுத்தது. இதனை உணர விரும்புவோர் பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்வை நூல்களின் வழியே நோக்குதல் வேண்டும்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் படைவீரர் குடியிருப்பில் பீமராவ் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக விளங்கியவர். ஓய்வு பெற்றபின் அவர்தம் வருவாய் சுருங்கிற்று; மகனின் நூற்பசியோ பெருகிற்று. மணமாகிச் சென்ற பெண்மக்களிடம் கடன் பெறுவார். அவர்தம் நகையைப் பெற்று அடகு வைத்து நூல் வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். ஒரு தலைமையாசிரியரின் வீட்டிலேயே நூலுக்கு இத்துணைப் பாடு எனின், கூலி வேலை செய்யும் பெற்றோர் என் செய்வர்?

சாத்தாராப் பள்ளியில் தனிக் கோணியில் அமர்ந்ததும், தண்ணீர்க் குழாயைத் தொட இயலாது நின்றதும், பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் வடமொழி பயில மறுக்கப்பட்டதும் நம் இளைஞர் நன்கறிந்தவை. அவ்வளவாக அறியப்படாத செய்தி ஒன்றுண்டு. பள்ளி விட்டதும் அச்சிறுவர் சர்னி ரோடு பூங்காவிற்குச் சென்று தனியே அமர்ந்து படிப்பார். அங்கு வரும் வழக்கமுடைய கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் அதனைக் கண்டார். அருகிற் சென்று வினவினார். என்ன படிக்கலாம் என்று வழிகாட்டித் தம் நூல்களையும் கொடுத்து வந்தார். பீமராவ் அவர் வகுப்பு மாணவர் அல்லர். அவர் சாதியினரும் அல்லர். 1907இல் பீமராவ் மெட்ரிக்குலேஷன் தேறியபோது எஸ். கே. போலே தலைமையில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. கேளுஸ்கர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அங்கே பரிசளித்தார். பின்னர் பரோடா மன்னரிடம் அழைத்துச் சென்று திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தவரும் அவரே.

பூங்காவில் ஓர் ஆசிரியர் செய்ததைப் பள்ளியில் தலைமையாசிரியர் செய்தல் எளிது. ஆயினும் நம் பள்ளிகளில் பல இடங்களில் நூல்கள் இரும்புப் பீரோவில் உறங்குகின்றன. இருப்புச் சரிபார்ப்பின்போது ஒரு நூல் குறையின் யார் பொறுப்பேற்பது என்னும் அச்சமே இதற்குக் காரணம். அந்த அச்சம் பொய்யன்று. பொறுப்பிலுள்ள ஆசிரியரைத் தனியே மாட்டிவிடாது, படித்துக் கிழிந்த நூலை முறைப்படி கணக்கிலிருந்து நீக்கித் தரும் தலைமையாசிரியர் இருப்பின் பீரோ தானே திறக்கும். நூலக வகுப்பைக் கணக்குப் பாடத்திற்குக் கடன் கொடாமையும், விடுதி மாணவர் மாலையிலும் படிக்க ஏற்பாடு செய்தலும், மாணவரையே வழங்கல் பதிவேடு எழுதவிடுதலும் பெருஞ்செலவு கேட்பன அல்ல. தலைமையாசிரியரே வாரம் ஒருமுறை அங்கமர்ந்து படித்தால், எந்தச் சுற்றறிக்கையும் வேண்டுவதில்லை.

1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கர், நியூயார்க்கின் பழைய நூற்கடைகளில் உணவுச் செலவைக் குறைத்து நூல் வாங்கினார். 1917இல் தாயகம் திரும்புகையில் வேறொரு கப்பலில் அனுப்பிய நூல்கள், ஜெர்மானிய நீர்மூழ்கியின் தாக்குதலால் கடலில் மூழ்கின. மீண்டும் 1920இல் இலண்டன் சென்று, பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் திறக்கும் வேளை முதல் மூடும் வேளை வரை அமர்ந்து கற்றார். பின்னாளில் தாதரில் தாம் கட்டிய இராஜகிருகத்தில் நூல்கட்கே முதலிடம் அளித்தார்.

1935 முதல் 1938 வரை பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வராக வீற்றிருந்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகம் நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். பணிக்குச் செல்லும் மாணவர் பயிலக் காலை நேர வகுப்புகள் அங்கு அமைந்தன. தாம் அரிதிற் சேர்த்த நூல்களுள் பலவற்றை அக்கல்லூரி நூலகத்திற்கு ஈந்தார். பொருளை ஈவோர் உளர். தாம் படித்துக் கோடிட்ட நூலைப் பிரிய எத்துணைப் பேர்க்கு மனம் வரும்? 1950இல், கல்வி வசதி குன்றிய மராத்வாடாவின் ஔரங்காபாத்திலும் ஒரு கல்லூரி எழுப்பினார். அதுவே மிலிந்த் கல்லூரி என வழங்கலாயிற்று.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பெருந்திரள் மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 5ஆம் நாள் இரவு, டெல்லி இல்லத்தில், புத்தரும் அவர் தம்மமும் என்னும் தம் நூலின் முன்னுரைத் தாள்களைப் படுக்கையருகே வைக்கச் செய்தார். மறுநாட்காலை அவர் உயிரோடில்லை. நூல் 1957இல் வெளிவந்தது. முன்னுரை அப்பதிப்பில் இடம்பெறவில்லை. சிறுவயதில் புத்தர் வரலாற்றைத் தம் கையில் கொடுத்த கேளுஸ்கரை அம்முன்னுரையில் அவர் நினைவு கூர்ந்திருந்தார்.